பெயரில்லாத இரண்டாம் பக்கம்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது. ஆனால் தெருவுக்கு அவள் பூட்டக்காதான்.

சைக்கிள் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறினால் வருகிற இரண்டு அறைகளில் சேவை மையம் நடந்தது. சக்கர நாற்காலி இரவல், மருத்துவமனைக்குத் துணை ஆள், பெரியவர்களுக்கு மதிய எழுத்து வகுப்பு, சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஓவியம். உதவி கேட்டு வருகிற யாரும் முதலில் பூட்டக்காவின் மேசைக்கு எதிரே உட்கார வேண்டும். அவள் கேட்பாள், அவளே எழுதுவாள். எழுதியது உள் அறை பீரோவுக்குப் போகும். பீரோவுக்கு இரண்டு பூட்டு, அறைக்கு ஒரு பூட்டு. மூன்று சாவியும் அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கும். அவள் படியேறி வருவது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

ஒருமுறை அவள் வீட்டுக்காரருக்குக் கால் பிசகி, மையத்தில் ஊன்றுகோல் வாங்கும்படி ஆயிற்று. அவரையும் எதிரே உட்காரவைத்து, "உங்க பேரு?" என்று கேட்டாள்.

"மறந்துட்டியா?"

"சொல்லுங்க, எழுதணும்."

அன்று மாலை வீட்டில் மாமியார், "அவனுக்குக் கால்ல என்னவாம்?" என்றார். "அதை அவர்கிட்டயே கேளுங்க அத்தை. நான் சொல்லக் கூடாது" என்றாள். மாமியார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. வீட்டுக்காரர் அந்தக் கதையைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அது அவருடைய கால், அவருடைய கதை. அவர் சொல்லலாம்.

பூட்டக்காவிடம் இன்னொரு குணமும் உண்டு. ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற காகிதத்தைத் தூக்கிப் போட அவளுக்குக் கை வராது. பழைய நாட்காட்டி, கல்யாணப் பத்திரிகை, மின் வாரியம் தவறாக அனுப்பிய கடிதம், எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் சேர்த்துவைப்பாள். சனிக்கிழமை பிள்ளைகள் அதில்தான் வரைவார்கள். "பிள்ளைங்களுக்கு முன்பக்கம் போதும், பின்பக்கம் எதுக்கு?" என்பாள்.

இந்த இரண்டு குணமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாத வரைக்கும் பிரச்சினை இல்லாமல் இருந்தது.

மையத்தில் ஐந்து வருடம் கடந்த விண்ணப்பங்களை வைத்திருக்கக் கூடாது என்று விதி. அந்த வருடமும் ஒரு வெள்ளிக்கிழமை பழையதையெல்லாம் எடுத்து, பதிவேட்டில் எண் குறித்து, காகிதம் கிழிக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு விண்ணப்பமும் இரண்டு தாள். முதல் தாளில் பெயர், முகவரி, தொலைபேசி எண். இரண்டாவது தாளில் உதவி தேவைப்படும் காரணம், பின்பக்கம் வெற்று வெள்ளை. முதல் தாள்களை ஒன்று விடாமல் கிழித்தாள். கிழிந்த துணுக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை என்று பார்த்துக்கொண்டாள். இரண்டாவது தாளுக்கு வந்தபோது மெஷின் சூடேறி நின்றுவிட்டது. அவள் அந்தக் கட்டைப் புரட்டினாள். ஒன்றிலும் பெயர் இல்லை. ஊர், தெரு, எண் எதுவும் இல்லை. நல்ல தடித்த தாள் வேறு.

பேர் இல்லாத தாள் யாரோடதும் இல்லை என்று நினைத்தாள். இருபத்து நாலு தாளையும் பிள்ளைகள் பெட்டியில் போட்டாள். மறுநாள் வகுப்புக்கு வந்ததும் இருபத்து நாலு பிள்ளைகள். ஆளுக்கு ஒன்றாகச் சரியாக வந்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட.

திங்கட்கிழமை காலை மையத்தின் வேன் ஓட்டுநர் ஒரு தாளோடு வந்தார்.

"அக்கா, என் பொண்ணு வரைஞ்ச பூனை. சுவத்துல ஒட்டலாம்னு கொண்டுவந்தேன்."

"பூனையா? நான் நாற்காலின்னு நினைச்சேன்."

"நானும் அதைத்தான் சொன்னேன். ரெண்டு நாளா என்கூடப் பேச மாட்டேங்குது." தாளைத் திருப்பினார். "ஆனா பூனையைவிடப் பின்பக்கம் நல்லா இருக்கு. கேளுங்க. 'விடியும் முன்பே எழுந்து பழம் ஏற்றப் போகிறேன். அண்ணன் பிரிந்து போய் எதிரிலேயே கடை போட்டுவிட்டார். எனக்கு இடது காது கேட்காததால், கூப்பிட்டும் நான் திரும்பவில்லை என்று வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு அங்கே போய்விடுகிறார்கள். காதுக் கருவி கிடைக்க உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பாவம் அக்கா. இத்தனை வருஷமா அந்த ஆளைத் திமிர் பிடிச்சவர்னு நினைச்சிட்டு இருந்தேன்."

"எந்த ஆளை?"

"நம்ம பழக்கடைக்காரரைத்தான்."

"அதுல பேரு இல்லையே."

"பேரு எதுக்கு? எதிரும் புதிருமா அண்ணன் தம்பி கடை போட்டிருக்கிறது இந்த ஏரியாவுல வேற எங்க இருக்கு?"

அந்த ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டக்கா தாளை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அக்கா, பூனை."

"பூனை இருக்கட்டும். நீ இதைப் படிக்கலை. புரியுதா?"

"படிச்சிட்டேனே."

"படிக்கலை."

ஓட்டுநர் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, படிக்கலை" என்றார்.

பதிவேட்டை எடுத்து இருபத்து நாலு எண்களையும் பார்த்தாள். ஐந்து வருடத்துக்கு முந்தைய எண்கள்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு முகம் நினைவிருந்தது. பத்தொன்பதாவது வரியில் விரல் நின்றது. தையல்காரம்மா.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கிறவள். அந்தப் பள்ளிக்கே சீருடை தைக்கிறாள். ஒவ்வொரு காலரிலும் பிள்ளையின் பெயரை நூலால் எழுதித் தைப்பதும் அவளே. ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. துணி கொண்டுவந்து கொடுக்கிற மாதிரி மூட்டையோடு பின்படி வழியாக வந்து, இரண்டு வருடம் மதிய வகுப்பில் உட்கார்ந்து படித்தாள். சீருடை வேலை கிடைத்தது அதற்குப் பிறகுதான். கடைக்கு வருகிறவர்கள் அவள் பத்தாவது வரை படித்தவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை எழுத்துத் தெரியாதவள் என்று அரசல் புரசலாக வெளியே வந்தால் போதும், ஒவ்வொரு தாயும் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், பள்ளிக்கூடமும் யோசிக்கும்.

விண்ணப்பம் எழுதிய அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா, இது உங்களோடவே இருக்கும்ல?"

"பூட்டுக்குள்ள இருக்கும்" என்று சாவியைத் தூக்கிக் காட்டியவள் பூட்டக்கா.

மையத்தின் தலைவி அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கோபப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூட்டக்காவுக்கு அதுவே இன்னும் கஷ்டமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டு வேலை இருக்குக்கா. தாளையெல்லாம் திரும்ப வாங்கணும். அப்புறம், யார் யாரோட தாள் போச்சோ அவங்ககிட்ட நேர்ல போய்ச் சொல்லணும்."

"முதல் வேலையை ஒழுங்கா முடிச்சிட்டா ரெண்டாவது எதுக்கு? காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும். சொல்லப் போனா வீணா மனசு கஷ்டப்படுவாங்க."

"அது அவங்களோடது. வெளியில விட்டது நாம. சொல்லித்தானே ஆகணும்?"

முதலில் தாள் வரட்டும் என்று பூட்டக்கா நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளிடம் என்ன சொல்லி வாங்குவது? ஓவிய ஆசிரியர்தான் வழி சொன்னார். "கண்காட்சி வைக்கப்போறோம்னு சொல்லுங்க."

"அது பொய்யாச்சே."

"வச்சிட்டா பொய் இல்லை."

வேனில் ஏறி வீடு வீடாகப் போனார்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார், பூட்டக்கா இறங்குவாள். கண்காட்சி என்றதும் பிள்ளைகள் தாங்களாகவே ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். சிலர் அந்த இடத்திலேயே கூடுதலாக ஒரு சூரியன் வரைந்து கொடுத்தார்கள். ஒரு வீட்டில் படம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. பசை போட்டு ஒட்டியிருந்ததால் கதவோடு வேனில் ஏற்ற வேண்டுமோ என்று ஓட்டுநர் கேட்டார். வெந்நீரில் துணி நனைத்து அரைமணி நேரம் வைத்து உரித்தார்கள். இன்னொரு வீட்டில் ஒரு தகப்பன் தாளைக் கொடுக்க மனமில்லாமல் நின்றார்.

"பின்னாடி ஒரு அம்மா தன் மாமியாரைப் பத்தி எழுதியிருக்காங்க. பாதியில நிக்குது. அப்புறம் என்ன ஆச்சு?"

"எனக்குத் தெரியாது."

"மீதிப் பக்கம் உங்ககிட்ட இருக்கும்ல? அந்த மாமியார் திருந்துச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"கதைங்க அது. யாரோ எழுதிப் பார்த்த கதை" என்று ஓட்டுநர் உள்ளே புகுந்து தாளை வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறியதும், "எனக்கும் அது தெரிஞ்சா நல்லா இருக்கும்" என்றார். பூட்டக்கா பார்த்த பார்வையில் கியரை மாற்றினார்.

புதன்கிழமை மாலைக்குள் இருபத்து மூன்று தாள் வந்துவிட்டது. உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஓவிய ஆசிரியர் ஒவ்வொன்றின் பின்பக்கமும் கறுப்புச் சாயம் பூசினார். காய்ந்ததும் இரண்டாவது பூச்சு. அதன்மேல் தடித்த அட்டை ஒட்டினார். பூட்டக்கா பக்கத்தில் நின்று பதிவேட்டில் எண்ணை அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அடிக்காமல் நின்றது பத்தொன்பதாவது வரி மட்டும்.

இருக்கிற இருபத்து நாலில் அதுதானா வராமல் போகவேண்டும்?

வராத படம் மருந்துக்கடைக்காரம்மாவின் மகளுடையது. வாயாடி என்று வகுப்பே கூப்பிடும் பிள்ளை. கடைக்குப் போனபோது தாய்க்காரி மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். பூட்டக்கா கண்காட்சி என்று ஆரம்பித்ததுமே கையை நிறுத்தினாள். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அது என்கிட்ட இல்லைக்கா. உரியவங்ககிட்டக் குடுத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"இவ ஒரு கவுன் படம் வரைஞ்சிருந்தா. ஒன்பது பாக்கெட்டு, ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பின்னாடி பார்த்தேன். ரெண்டு வரி படிச்சதுமே யார்னு தெரிஞ்சிடுச்சு, அதுக்கு மேல படிக்கலை. கிழிச்சுப் போடலாம்னுதான் நினைச்சேன். அப்புறம், என்னோட பொருள் இல்லையேன்னு தோணுச்சு. நேராத் தையல் கடைக்குப் போனேன். இந்தப் படத்தைப் பார்த்து அப்படியே ஒரு கவுன் தைங்க, தாளை நீங்களே வச்சுக்கங்க, திருப்பித் தர வேண்டாம்னு மூணு தடவை சொல்லிட்டு வந்தேன். பாவம், காலர்ல பேரைக்கூட எழுதிக் குடுக்கிறதைப் பார்த்துத்தான் தைக்கிறாங்க போல, அவங்களால அதைப் படிக்க முடியாதுல்ல. எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்."

பூட்டக்கா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "யார்கிட்டயாவது..."

"நான் மருந்துக்கடை வச்சிருக்கேன்க்கா" என்றாள் அவள். "யாருக்கு என்ன மாத்திரைன்னு இருபது வருஷமா வெளியில சொன்னதில்லை. இதைப் போயா சொல்வேன்?"

தையல் கடைக்கு நடந்தே போனாள். ஓட்டுநரை வரவேண்டாம் என்றுவிட்டாள். நல்லதுதான் நடந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் மருந்துக்கடைக்காரம்மாவுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். தையல்காரம்மாவுக்கு இப்போது படிக்கத் தெரியும்.

கடையில் பாதி தைத்த சீருடைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு மெஷினில் இருந்தாள். அவள் தலைக்கு மேலே கயிற்றில், துணி உலர்த்தும் கிளிப்பில், அந்தத் தாள். ஒன்பது பாக்கெட் கவுன் முன்னால் தெரிந்தது.

"வாங்கக்கா. உட்காருங்க. அந்த ஸ்டூல் மேல ஊசி இருக்கு, பார்த்து."

பூட்டக்கா ஊசியை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமில்லை. பிள்ளைங்க படமெல்லாம் சேர்த்துக் கண்காட்சி வைக்கிறோம். இந்தப் படமும் வேணும்னு..."

தையல்காரம்மா காலை எடுத்தாள். மெஷின் நின்றது. பூட்டக்காவையே பார்த்துக்கொண்டு இருந்தாள். வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடலாம். தாள் வந்துவிடும், வரியை அடித்துவிடலாம். பூட்டக்கா கழுத்துச் சாவியைப் பிடித்தாள்.

"இல்லை, அது முழு உண்மை இல்லை. அந்தத் தாளை வெளியில விட்டது நான்தான்" என்றாள். மெஷின் சூடேறியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். "பேர் இல்லையேன்னு நினைச்சேன். பூட்டுக்குள்ள இருக்கும்னு உன்கிட்ட சொல்லிட்டு, நானே எடுத்துப் பிள்ளைங்க கையில குடுத்திருக்கேன். மன்னிச்சிடும்மா."

தையல்காரம்மா எட்டி அந்தத் தாளை எடுத்தாள். திருப்பினாள். விரலை வைத்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தாள்.

"'சிறு வயதில் பள்ளிக்குச் செல்லும் பாக்கியம் இல்லாததால், எழுதப் படிக்கத் தெரியாமல், மிகுந்த வெட்கத்தோடு வாழ்ந்து வருகிறேன். தையல் அளவுகளை நானே கண்டுபிடித்த குறிகளால் எழுதிக்கொள்கிறேன். கடைக்கு வருகிறவர்களுக்கு இது தெரியாது. எனக்கு எழுத்துக் கற்றுத்தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'"

தாளை மடியில் வைத்தாள்.

"அன்னிக்கு நீங்க எழுதினதை எனக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வச்சிட்டு வந்தேன். இந்த வாரம்தான் படிக்கிறேன். முதல்ல கோபம் வந்துச்சு. இது எப்படித் தெருவுக்கு வந்துச்சுன்னு ராத்திரி பூரா தூக்கம் இல்லை. அப்புறம் ரெண்டாவது தடவை படிச்சேன். அப்ப வேற கோபம் வந்துச்சு."

"என்ன கோபம்?"

"இதை நான் எப்பக்கா சொன்னேன்?"

"எதை?"

"பாக்கியம் இல்லைன்னு. மூணு தம்பிங்களைத் தூக்கி வளர்த்தேன், நேரமில்லாம போச்சுன்னேன். வெட்கம்னும் சொல்லலை. பயமா இருக்குன்னு சொன்னேன். வெட்கம் வேற, பயம் வேற. வெட்கப்பட நான் என்ன திருடினேனா? தாழ்மைன்னு ஒரு வார்த்தை அப்ப எனக்குத் தெரியவே தெரியாது."

இருபது வருடமாகப் பூட்டக்கா எல்லாருக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். பழக்கடைக்காரருக்கும் தாழ்மை, மாமியார் கொடுமைக்கும் தாழ்மை. சொன்னதை அப்படியே எழுதினால் மொட்டையாக இருக்கிறது என்று பூவும் பொட்டும் வைத்து அனுப்புவாள். யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை.

"பேனா இருக்கா?" என்றாள் தையல்காரம்மா.

கொடுத்தாள். அவள் தாளை மெஷின் பலகையில் வைத்து, பாக்கியம், வெட்கம், தாழ்மை மூன்றையும் நேர்கோட்டில் அடித்தாள். தையல் கோடு மாதிரியே நேராக இருந்தது. மேலே சின்ன எழுத்தில், நேரமில்லை என்றும் பயம் என்றும் எழுதினாள். தாழ்மைக்குப் பதில் ஒன்றும் எழுதவில்லை.

"இப்ப சரி."

"கிழிச்சிடட்டுமா?"

"எதுக்குக் கிழிக்கணும்? இது என்னோடது. நான் வச்சுக்கிறேன்." தாளை மடித்து மெஷின் டிராயரில் வைத்தாள். "மருந்துக்கடைக்காரம்மா இதைப் படிச்சிட்டுத்தான் குடுத்தாங்க, இல்ல?"

"அது... நான் சொல்லக் கூடாது."

தையல்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "போதும், தெரிஞ்சிடுச்சு. மூணு தடவை சொன்னாங்க தாளை வச்சுக்கங்கன்னு. நாலாவது தடவை சொல்லியிருந்தா, எனக்குப் படிக்கத் தெரியும்னு நானே சொல்லியிருப்பேன்."

பூட்டக்கா பையிலிருந்து பதிவேட்டை எடுத்தாள். பத்தொன்பதாவது வரியில், அழிக்கப்பட்டது என்று எழுத வேண்டிய கட்டத்தில், உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதினாள். எழுதியதை வாசித்துக் காட்டினாள். "சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்று தையல்காரம்மா கையெழுத்துப் போட்டாள். கட்டம் போதவில்லை, பக்கத்துக் கட்டத்திலும் கொஞ்சம் போனது.

அடுத்த இரண்டு வாரமும் பூட்டக்கா மற்ற இருபத்து மூன்று வீட்டுக்கும் போனாள். பழக்கடைக்காரர், கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பிக் கேட்டுவிட்டு, "அதான் உங்க டிரைவர் இப்ப தோளைத் தட்டிக் கூப்பிடுறாரா? நல்லதுதான்" என்று இரண்டு மாதுளையைத் திணித்தார். சிலர் தோளைக் குலுக்கினார்கள். சிலருக்கு அப்படி எழுதிக் கொடுத்ததே மறந்திருந்தது. ஒரு பெண் மட்டும் கேட்டு முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். பூட்டக்கா மூன்று முறை போனாள். மூன்றாவது முறை கதவு திறந்தது. "சொல்லாமலே விட்டிருக்கலாம்" என்றாள் அந்தப் பெண். "ஆனா வேற யார் மூலமா தெரிஞ்சிருந்தா உங்க படியே ஏறியிருக்க மாட்டேன்." இன்னும் ஏறவில்லை. பூட்டக்கா காத்திருக்கிறாள்.

இப்போதெல்லாம் எழுதியதை வாசித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகே கையெழுத்து வாங்குகிறாள். கிழிப்பது என்றால் இரண்டு தாளும் கிழிகிறது. பிள்ளைகளுக்குப் புதுத் தாள் கட்டுக் கட்டாக வருகிறது. ஒரு கோடு போட்டுவிட்டுக் கசக்கி எறிகிறார்கள். அதைப் பார்க்க முடியாமல் சனிக்கிழமை அந்த நேரத்தில் அவள் கீழே போய் சைக்கிள் கடையில் நின்றுகொள்கிறாள்.

கண்காட்சி நன்றாகவே நடந்தது. வெளி அறைச் சுவரில் இருபத்து மூன்று படம். பூனையின் கீழே ஓட்டுநர் பூனை என்று எழுதி ஒட்டியிருந்தார். இப்போதுதான் மகள் பேசுகிறாளாம். இருபத்து நாலாவது இடத்தில் படம் இல்லை. கவுனே தொங்கியது. ஒன்பது பாக்கெட், ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, ஒரு நூல் பிசகவில்லை. வாயாடி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பாக்கெட்டுகளை எல்லாருக்கும் எண்ணிக் காட்டினாள்.

மருந்துக்கடைக்காரம்மா கிட்டே வந்து காலரைத் திருப்பினாள். உள்பக்கம் மகளின் முழுப் பெயரும், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, ஓர் எழுத்துப் பிழையில்லாமல் நூலில் இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: தாள் கிடைத்தது, நன்றி. அவள் அதை இரண்டு முறை படித்தாள். நிமிர்ந்து, அறையின் மறுபக்கம் நின்ற தையல்காரம்மாவைப் பார்த்தாள். தையல்காரம்மாவும் பார்த்தாள். மருந்துக்கடைக்காரம்மா காலரை மெல்ல மடித்து, பழையபடி நீவிவிட்டாள்.

பூட்டக்கா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, தானா சிரிக்கிறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"அதை நான் சொல்லக் கூடாது" என்றாள்.